கோபித்துக்கொண்ட அக்காவுக்கு ஒரு படப் புத்தகம்

பழத்துக்காக நடந்த சண்டையில் கோபித்துக்கொண்டு மலையேறியது தம்பி. பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்டார். முருகன் பழனிக்குப் போய்விட்டார். மதுரையிலிருந்து தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கும்போது, தம்பியைச் சமாதானப்படுத்தத்தான் இவ்வளவு கூட்டமா என்று தோன்றும். மூத்த பிள்ளையின் கோபத்துக்கு நம்மிடம் இப்படி ஒரு மலை இல்லை.

படப் புத்தகங்களில் இருக்கிறது. ரஸ்ஸல் ஹோபன் எழுதி 1964-இல் வந்த ‘எ பேபி சிஸ்டர் ஃபார் ஃபிரான்சிஸ்’ ஒரு பேட்ஜர் குட்டியின் கதை. தங்கை வந்த பிறகு வீட்டில் எதுவும் பழையபடி நடப்பதில்லை. ஃபிரான்சிஸ் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுகிறாள், சாப்பாட்டு மேசைக்கு அடியில்! அவளை யாரும் இழுத்து வருவதில்லை. அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை என்று அவள் காதில் விழும்படி அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘பீட்டர்ஸ் சேர்’ 1967-இல் வந்தது. பீட்டரின் பழைய சாமான்கள் ஒவ்வொன்றாகத் தங்கை சூஸிக்காக இளஞ்சிவப்பாகின்றன. மிச்சமிருக்கும் குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, நாயோடு வீட்டுக்கு வெளியே போய் நிற்கிறான். உட்கார்ந்து பார்த்தால் கொள்ளவில்லை. ‘நீ வளர்ந்துட்ட’ என்று பெரியவர்கள் சொல்ல வேண்டியதை அந்த நாற்காலியே சொல்லிவிடுகிறது. கடைசியில் அப்பாவோடு சேர்ந்து அவனே அதற்கும் வண்ணம் பூசுகிறான்.

இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனால் மதுரைப் பக்கத்தில் ஐந்து வயதுப் பெண்ணுக்கு இவற்றைப் படித்துக்காட்டுவதாக நினைத்துப் பார்த்தால் இரண்டு இடங்களில் இடிக்கிறது.

முதல் இடம், பாப்பா பிறப்பதற்கு முன்பே வருகிற கேள்வி. “உனக்குத் தம்பிப் பாப்பா வேணுமா, தங்கச்சிப் பாப்பாவா?” பிள்ளை வாக்கு பலிக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஸ்கேன் சொல்லக் கூடாது என்று 1994 சட்டம் தடுத்த பதிலை ஒரு குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறோம். “தங்கச்சி” என்று சொல்லிவிட்டால், “ஏய், தம்பின்னு சொல்லு!” பெண் சிசுக்கொலைக்காக 1986-இல் நாடு முழுக்கப் பேசப்பட்ட உசிலம்பட்டி மதுரைக்கு மேற்கே பக்கத்தில்தான். ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்த ஊர்கள் இவை. அந்தக் கேள்வியிலிருந்து மூத்த பெண் தெரிந்துகொள்வது பாப்பாவைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றி. பீட்டருக்கும் ஃபிரான்சிஸுக்கும் தங்கைதான் பிறக்கிறாள். அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. அவர்களுக்கு அது கதையே இல்லை. நமக்கு அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

இரண்டாவது இடம், முடிவு. பீட்டர் வண்ணம் பூசுவது அவனாக எடுத்த முடிவு. நம்மூர் அக்காவிடம் யாரும் கேட்பதில்லை. பாப்பா அவள் இடுப்பில் ஏறிவிடுகிறது. “நீதான பெரிய புள்ள, விட்டுக்குடு.” இங்கே அக்கா என்பது உறவு மட்டும் இல்லை, வேலை. அம்மாவுக்கு உதவுகிற நல்ல அக்காவைப் பாராட்டி முடிகிற படப் புத்தகம், அந்த வேலைக்கான உத்தரவைக் கலரில் அச்சடித்துக் கொடுக்கிறது. அதனால்தான் அந்த வகைப் புத்தகங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு ஒட்டுவதில்லை.

மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே வைக்க நான் ஆசைப்படும் புத்தகத்தில் நாற்காலி வேண்டாம். இந்தப் பிள்ளை இழப்பது பாயில் அம்மா பக்கத்து இடத்தை. இவள் போர்த்தித் தூங்கிய அம்மாவின் பழைய சேலை தூளியாகிவிடுகிறது. கோபித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்காரட்டும். தேடி வருகிற அப்பா, பாப்பாவை அவள் கையில் திணிக்காமல் வெறுங்கையோடு வரட்டும். கடைசிப் பக்கத்தில் தூளிக்குள் அவளே ஏறிப் படுக்கட்டும். கால் வெளியே நீட்டிக்கொண்டு தரையில் இடிக்கட்டும். தூளி ஆட்டுகிற வேலையை மட்டும் ஒரு பக்கத்தில்கூட அவளுக்குக் கொடுக்க வேண்டாம்.