சாதகமும் எச்சமும்

பாட்டுக்காரன் விடியற்காலையில் தனியே உட்கார்ந்து செய்வதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: சாதகம். அதை யாரும் கச்சேரி என்று மயங்குவதில்லை. தினமும் படமெடுக்கிறவன் செய்வதற்கு அப்படி ஒரு சொல் அமையவில்லை. அதனால் அவனைப் பற்றிய பேச்சு இரண்டு கட்சிகளாக நின்றுவிடுகிறது. காமிராவில் விழுந்ததெல்லாம் கலை என்பது ஒன்று. தினமும் செய்கிற காரியம் பல் தேய்ப்பதைப் போன்றது, அதில் கலை ஏது என்பது மற்றொன்று. இரண்டு கட்சியும் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசுவதாகத் தெரியவில்லை.

சாதகம் என்ற சொல்லையே வைத்துக்கொண்டு யோசிக்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காலையில் பாடிய ஸ்வரம் காற்றோடு போய்விடும். வாசலில் போட்ட கோலம் மத்தியானத்துக்குள் மிதிபட்டுவிடும். புகைப்படம் மட்டும் போவதில்லை. சாதகம் செய்த ஒவ்வொரு நாளும் ஒரு வஸ்துவாகக் கையில் தங்குகிறது. இந்த எச்சத்தை எப்படிப் பார்ப்பது என்பதே விமர்சனத்தின் முன் உள்ள கேள்வி.

நம்மிடம் இருக்கிற அளவுகோல் இதற்கு உதவாது. அது ஒற்றைப் படத்தை அளக்கச் செய்த கோல். 1950 ஏப்ரலில் ஹென்றி கார்டியர் ப்ரெஸ்ஸான் இந்தப் பக்கம் வந்தார். திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களையும், அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் படமெடுத்துக்கொண்டு போனார். 1952இல் வந்த அவருடைய புத்தகத்துக்குப் பிரெஞ்சில் வைத்த பெயர், அவசரத்தில் கள்ளத்தனமாக எடுத்த படங்கள் என்று பொருள்படுவது. ஆங்கிலப் பதிப்பு அதைத் 'தீர்மானமான கணம்' ஆக்கிற்று. உலகம் பிடித்துக்கொண்டது ஆங்கிலப் பெயரைத்தான். அவர் கண் பெரிய கண். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சித்தாந்தம், வந்து போகிறவனின் சித்தாந்தம். வாழ்க்கை கணங்களில் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று அது நம்புகிறது. காட்டிக்கொள்ளாத விஷயங்களை என்ன செய்வது?

மரக்காணம் கரையை எடுத்துக்கொள்வோம். உப்பளம் படத்துக்கு லாயக்கான இடம். கட்டம் கட்டமாய்ப் பாத்தி, தேங்கிய நீரில் வானம், வரப்பின்மேல் கூடை சுமந்து போகும் உருவம். சாயங்கால வெளிச்சத்தில் யார் எடுத்தாலும் படம் நன்றாக வரும். இந்தச் சௌகரியம்தான் கண்ணி. வெயில் ஏறுமுன் வேலை தொடங்கிவிடுகிறது. உப்பின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைத் தின்கிறது. உப்புநீர் காலைத் தின்கிறது. இதில் எதுவும் ஒரு கணத்தில் நடப்பதல்ல. பாத்தியில் நீர் சுண்டி உப்புப் பூப்பதற்கு எப்படித் தீர்மானமான கணம் கிடையாதோ, அப்படியே இதற்கும் கிடையாது.

பத்திரிகைப் படத்துக்கு இன்னொரு வழி தெரியும்: புயல். 2020 நவம்பரில் நிவர் புயல் இங்கே கரையேறியபோது காமிராக்கள் வந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து உப்பளங்கள் மூழ்கியபோது மறுபடியும் வந்தன. இடைப்பட்ட நான்கு வருஷங்கள் படத்தில் இல்லை. உப்பு விளைந்ததும் வாரியதும் அந்த நான்கு வருஷங்களில்தான்.

நான் இருப்பது இந்தக் கரைக்குத் தெற்கே, இடையஞ்சாவடி. 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியது முதல் இந்தச் சுற்றுவட்டாரம் காமிராவுக்குப் பழகிய இடம். அதன் பிரசித்தமான படம் உண்மையில் இரண்டு படங்கள்: முன்னே வெறும் செம்மண் மேடு, பின்னே காடு. இரண்டும் பொய்யில்லை. ஆனால் குழி வெட்டியதும் தண்ணீர் சுமந்ததும் அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே இருக்கிறது. முன்னும் பின்னும் காட்டுவது, கணத்தை இரண்டாகப் பெருக்குவதுதான்.

சில வருஷங்களாக ஊர் எல்லையிலுள்ள ஒரு முந்திரித் தோப்பைத் தினமும் ஒரு படம் எடுத்துவருகிறேன். தனியாக எடுத்துக் காட்ட அதில் ஒன்றும் தேறாது. வரிசையாகப் பார்த்தால் வேறு. மரம் பூக்கிறது, காய்க்கிறது. ஒருநாள் மூலையில் ஒரு கல் நட்டிருக்கிறது. பல வாரம் கழித்துக் கம்பி. பிறகு மரங்கள் குறைகின்றன. பிறகு சுவர், இரும்புக் கதவு, கதவில் இங்கிலீஷில் பலகை. நிலம் கைமாறுவதற்கு ஒரு கணம் உண்டென்றால் அது பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரிவது தினங்களில்தான். அந்த வழியே ஆடு ஓட்டிப் போகிற ஆயா, "இன்னா தம்பி, நேத்து எடுத்ததத்தான இன்னிக்கும் எடுக்கற?" என்று கேட்டாள். தினசரிப் படத்தைப் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனக் கேள்வி அதுதான்.

நேற்று எடுத்ததுதானா என்பதை வைத்தே இந்த முயற்சிகளை மதிப்பிடலாம். 2014-15இல் அபுல் கலாம் ஆஸாத்தின் முன்முயற்சியில் ஏகலோகம் அறக்கட்டளை நடத்திய 'ப்ராஜெக்ட் 365' பல புகைப்படக்காரர்களைத் திருவண்ணாமலையில் ஓராண்டு முழுவதும் படமெடுக்க வைத்தது. கிரிவலத்துக்கும் தீபத்துக்கும் மட்டும் ஞாபகம் வருகிற ஊரை மற்ற நாட்களிலும் பார்க்கலாம் என்று அது காட்டியது நம் சூழலில் பெரிய காரியம். ஆனால் 365 என்பது கணக்குப்பிள்ளையின் எண். பஞ்சாங்கத்துக்கு ஆண்டு முடியும், ஊருக்கு முடிவதில்லை. எண்ணை நிறைவேற்றுவது லட்சியமாகிவிட்டால், கண் தூங்கிவிட்ட நாளிலும் விரல் வேலை செய்யும்.

எண்ணில்லாமல் செய்தவர்கள் உண்டு. முதல் உலக யுத்தத்தில் வலது கையை இழந்த ஜோசப் சுடெக், 1940 முதல் 1954 வரை, பிராகா நகரில் தன் ஸ்டூடியோ ஜன்னலையே எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே ஜெர்மானிய ஆக்கிரமிப்பு. கண்ணாடியில் பனியும் ஈரமும். நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31இலிருந்து தினம் ஒரு போலராய்ட் எடுத்தார். 1997 அக்டோபர் 25இல், புற்றுநோயில் இறந்த அன்று, அது நின்றது. 6000க்கு மேற்பட்ட படங்கள். சாப்பாடு, நண்பர்கள், தெரு, கடைசியில் ஆஸ்பத்திரி. கதை எங்கே போகிறது என்று எடுத்தவருக்கே தெரியாமல் எடுக்கப்பட்டவை. முடிவை அறிந்த நாம்தான் முதல் படத்திலேயே அதைத் தேடுகிறோம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது; அது ரசனையைச் சேர்ந்தது மட்டுமல்ல. தினமும் எடுக்கிறவன் தினமும் அதே முகங்களைக் கடக்க வேண்டும். வந்து போகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. மதுரைக்காரரான எம். பழனி குமார் மீன் விற்கும் தன் தாயைப் படமெடுத்தவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களையும் எடுத்தவர். அவர் படங்களில் உழைப்பு நிழலுருவமாகக் கரைந்து போவதில்லை. ஆளுக்கு முகம் இருக்கிறது. எடுத்ததற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியவனின் கண் அது. நெருக்கத்தினால் மட்டுமே கலை வந்துவிடாது. ஆனால் நெருக்கத்தின் பொறுப்பு, அழகின் சௌகரியத்திலிருந்து காப்பாற்றும்.

ஆகவே தினசரிப் படத்தை ஒன்றொன்றாக எடுத்து நன்று, தீது என்பது தவறான வாசிப்பு. அதன் அலகு வரிசை. வரிசையில் சோம்பிய நாட்களும், எடுக்காமல் விட்ட நாட்களின் இடைவெளியும் சேர்ந்தே அர்த்தமாகின்றன. சிறந்தவை என்று இருபதைப் பொறுக்கிச் சுவரில் மாட்டும்போது சாதகத்தைக் கச்சேரி ஆக்குகிறோம். நிலம் கைமாறிய விவரம் பொறுக்காமல் விட்டவற்றோடு போய்விடுகிறது. எழுதுகிற நமக்கும் இது அந்நியமான சங்கதி அல்ல. நல்ல வரி வரும் என்று காத்திருக்கிற கவிஞனும் ஒரு தீர்மானமான கணத்தைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் காத்திருக்கிற நாளில் தோப்பின் மூலையில் ஒரு கல் நடப்படுகிறது.