பண்ணுவதும் செய்வதும்

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் எல்லோருக்கும் குடவோலைத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயிலில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் சபையார் பொறித்த அந்தத் தீர்மானங்களின் வினைச்சொற்களும் கவனிக்கத்தக்கவை. விதிமுறை வகுத்ததை அவர்கள் ‘வ்யவஸ்தை செய்தோம்’ என்கிறார்கள். வடமொழிப் பெயர், பின்னால் தமிழ்ச் ‘செய்’. ஆனால் ஓலையில் பேரைத் ‘தீட்டுகிறார்கள்’, குடத்தில் ‘இடுகிறார்கள்’. இரவல் சொல்லுக்குப் பொதுவினை, கைவேலைக்கு அதற்குரிய வினை.

அதே ஊரில் இன்று ‘ரீசார்ஜ் பண்ணு’, ‘மோட்டாரை ஸ்டார்ட் பண்ணு’ என்கிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஸ்பானிய மொழி ஆங்கில ‘ஸ்கேன்’ மீது தன் விகுதியை நேரே ஒட்டி ‘எஸ்கானெயார்’ என்று வினையாக்கிக்கொள்ளும். தமிழில் ‘ஸ்கேனினான்’ என்று சொல்ல முடியாது. காலமும் விகுதியும் ஏற்க ஒரு தமிழ் வினை வேண்டும். ‘பண்ணு’ அதைச் சுமக்கிறது. அதற்கு ‘ஆகு’ என்று ஒரு ஜோடியும் உண்டு. ‘மோட்டார் ஸ்டார்ட் ஆகல’ என்றால் பழுது மோட்டாரில். ‘ஸ்டார்ட் பண்ணல’ என்றால் ஆள்மேல் குற்றம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் பொது; தமிழ் வாய்க்குள் வந்ததும் அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

வகுப்பறையில் சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. கட்டுரையில் ‘பண்ணினான்’ என்று எழுதினால் சிவப்பு மையில் ‘செய்தான்’ ஆகும். ‘செய்’க்குப் பரம்பரை மதிப்பு உண்டுதான்: தொல்காப்பியமே ‘செய்து’ என்பதை வினையெச்ச வாய்பாடாக வைத்திருக்கிறது. அதற்காகப் ‘பண்ணு’ ஒன்றும் நேற்று வந்ததல்ல. அதுவும் பழந்தமிழ்ச் சொல்தான். இந்தத் திருத்தத்தால் நடை மேடையேறும், பொருள் ஒரு அங்குலமும் கூர்மையாகாது.

இழப்பு வேறிடத்தில். சோறு வடிப்பது, குழம்பு வைப்பது, இட்லி அவிப்பது, தோசை சுடுவது, காபி போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை வைத்திருந்த சமையலறையில் இப்போது எல்லாமே ‘குக் பண்றாங்க’. துவைப்பதும் கழுவுவதும் ‘வாஷ் பண்ற’தில் கரைந்துவிட்டன. இங்கே இரவல் ஒரு வெற்றிடத்தை நிரப்பவில்லை, குடியிருந்தவரைக் கிளப்பிவிட்டது.

இதில் ‘செய்’யும் யோக்கியமில்லை. நாளிதழ்களில் யாரும் எதையும் விற்பதில்லை, ‘விற்பனை செய்கிறார்கள்’. பயணிப்பதில்லை, ‘பயணம் செய்கிறார்கள்’. நெல்லைக் ‘கொள்முதல் செய்வார்கள்’, வாங்க மாட்டார்கள். ‘பண்ணு’வைக் கண்டிக்கும் பேனாக்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. இது ஆங்கிலம் கலக்காத தமிழில் நடக்கும் அதே மழுங்கல் என்பதால், கண்ணில் படுவதும் குறைவு.

பேச்சுமொழி இவ்வளவு மெத்தனமாக இல்லை. இரவல் சொல்லானாலும் கிராமத்தார் எல்லாவற்றையும் பண்ணிவிடுவதில்லை: கரண்ட் பில் கட்டுகிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மளிகைக் கடையில் பணம் அனுப்ப ‘ஸ்கேன் பண்ணுங்க’. ஆஸ்பத்திரியில் வயிற்று வலிக்கு ‘ஸ்கேன் எடுக்கணும்’. இந்த இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்லிக் கேட்பது அரிது.