இஞ்சிப்புல்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும்போது, மரங்கள் குறைந்து சரிவு திறக்கும் இடத்தில் இந்தப் புல் ஆளுயரம் நிற்கும். ஒரு தாளைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் விரலில் ஏறிக்கொள்ளும், எளிதில் போகாது. கோடைத் தீயில் கருகினாலும் மழை விழுந்ததும் தூரிலிருந்து துளிர்த்துவிடும். என்ன பிடிவாதம்!

இதன் எண்ணெய் கொச்சித் துறைமுகம் வழியே கடல் கடந்ததால், உலகச் சந்தையில் அதற்குக் கொச்சி எண்ணெய் என்றே பெயர். அதில் முக்கால் பங்கு சிட்ரால்: சோப்பின் மணத்துக்கும் செயற்கை வைட்டமின் ஏ தயாரிப்புக்கும் மூலப்பொருள். எறணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் 1951இல் இந்தப் புல்லுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 'சுகந்தி' என்ற ரகம் அங்கே பிறந்தது. நல்ல ரகம்தான். ஆனாலும் வறண்ட சரிவில் வெயில் குடித்துத் தானாக வளர்ந்ததன் வாசமே எனக்கு ஒரு படி உசத்தி.