ஆடுகிறவரே கட்டும் கட்டணம்

மார்கழி சீசனில் சென்னை சபா ஒன்றில் பரதநாட்டியம் பார்க்கப் போனால், மேடையின் ஓரமாக நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல். அவர்களுக்கும் ஒத்திகைக்கும் ஒப்பனைக்கும் பெரும்பாலும் ஆடுகிறவரே பணம் கொடுக்கிறார். வளர்ந்துவரும் கலைஞருக்குச் சபா தரும் சன்மானம் அந்தச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. சில இடங்களில் வாய்ப்புக்கே நன்கொடை கேட்கிறார்கள்.

பாட்டைப் பதிவு செய்துகொண்டு ஆடினால் செலவு மிச்சம்தானே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிகழ்ச்சியின் மைய உருப்படியான வர்ணத்தில் ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்ப எடுப்பார். ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் அதற்கு வேறொரு பொருள் காட்டுவார். அவர் முகம் போகும் வழியைப் பார்த்துப் பாட்டின் சங்கதி மாறும், மிருதங்கம் அடங்கும். நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் அபிநயம் இந்தக் கொடுக்கல் வாங்கலில் மலர்ந்தது. அவரே பாடிக்கொண்டு ஆட வல்லவராக இருந்தார். பதிவில், வரி எத்தனை முறை வரும் என்பது ஒலிப்பதிவுக் கூடத்திலேயே முடிந்துபோகிறது. தன் காசில் ஆடுகிறவருக்கு உருப்படியையும் பக்கவாத்தியத்தையும் தேர்ந்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த இசைக்கான விலை முழுவதும் ஒருவர் தலையில் விழும்போது, மேடையில் யார் நிலைப்பது என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டில் வசதி இருப்பவர் நிற்கிறார், மற்றவர் ஒதுங்குகிறார்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிரை ஆடிய தேவதாசிப் பெண்களுக்குக் கோயில் மானியமும் புரவலர் தந்த சன்மானமும் வாழ்வாதாரமாக இருந்தன. சமூக சீர்திருத்தவாதி முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் வந்த 1929-ஆம் ஆண்டுச் சட்டம் மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்தது. பெண்களைச் சுரண்டலிலிருந்து மீட்க அவை வேண்டியிருந்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆட்டத்தால் பிழைத்தவருக்கு ஆட்டத்திலேயே மாற்று வருமானம் என்ன என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. இந்த இரு சட்டங்களுக்கும் இடையில், 1931-இல் மியூசிக் அகாதெமி தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் மகள்களை மேடையேற்றியது. 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். கலைக்கு மதிப்பு கூடியது. அந்த மரபுக்கு வெளியிலிருந்து புதிதாக ஆட வந்த பலருக்கு அதை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை இல்லை. கூலி கேட்பதே கௌரவக் குறைவு என்ற கூச்சம் அப்போது புகுந்தது என்றே நினைக்கிறேன். அது இன்னும் போகவில்லை.

அரைமண்டியில் வருடக்கணக்காக உட்கார்ந்து, சிமெண்டுத் தரையில் தட்டி ஆடி முழங்கால் தேய்ந்தால், அந்த வைத்தியச் செலவும் ஆடுகிறவருடையதே. ஆகவே நன்றாக ஆடுகிற பலர் முப்பது வயதுக்கு முன்பே வகுப்பு எடுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். சாயங்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தட்டுக்கழியால் தாளம் தட்டுகிறார்கள். தங்கள் சாதகத்துக்கு விடிகாலை ஒரு மணிநேரம் மிஞ்சினால் உண்டு.