மருத்துவக் கஞ்சாவும் 'மாற்று' என்னும் சொல்லும்

மருத்துவர் எழுதித்தரும் அபினிவகை வலிமருந்துகளுக்குக் (ஓபியாய்டுகள்) கஞ்சா மாற்றாகும் என்னும் கருத்து, பெரிதும் ஓர் எண்ணைப் பற்றிக்கொண்டே பரவியது. 2014இல் பாக்ஹூபர் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவக் கஞ்சாவைச் சட்டப்படி ஏற்ற அமெரிக்க மாநிலங்களில் ஓபியாய்டு மிகையளவால் நேரும் இறப்பு வீதம், அத்தகைய சட்டமில்லா மாநிலங்களைவிட 24.8 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆய்வுக்காலம் 1999 முதல் 2010 வரை.

அவ்வாய்வின் அலகு மாநிலம். வலிமாத்திரையை விட்டுக் கஞ்சாவுக்கு மாறிய நோயாளி ஒருவரையேனும் அது பின்தொடரவில்லை. இவ்வரம்பை ஆய்வாளர்களே குறித்துள்ளனர். கருதுகோளாக நின்ற பதிலீடு, பரப்புரையில் முடிவாகிவிட்டது.

2019இல் ஷோவர் குழுவினர் அதே முறையை 2017 வரையிலான தரவுகளுக்கு நீட்டித்தனர். குறைவு மறைந்து, இறப்பு 22.7 விழுக்காடு மிகுந்திருப்பதாகத் தெரிந்தது. இதனைக் கொண்டு கஞ்சா உயிரைப் பறிக்கின்றது என்று வாதிடுவோர், முன்னவர் தடுக்கிய கல்லிலேயே தடுக்குகின்றனர். ஷோவர் குழுவினர் அவ்வாறு கூறவில்லை. மக்களுள் சுமார் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே பயன்படுத்தும் ஒரு பொருள் இத்துணைப் பெரிய ஏற்ற இறக்கத்தை விளைவித்திருத்தல் அரிது என்பதே அவர்தம் வாதம். தனிமனிதரை அளந்த ஆய்வுக்கு ஆஸ்திரேலியாவையே நோக்க வேண்டும். ஓபியாய்டு பெற்றுவந்த 1,514 நாட்பட்ட வலியாளர்களை நான்காண்டுகள் தொடர்ந்த ஆய்வு (2018), கஞ்சாவால் அம்மருந்தின் பயன்பாடு குறைந்தமைக்குச் சான்று காணவில்லை.

தமிழில் எழுதும்போது சிக்கல் மேலும் ஒரு படி கூடுகின்றது. 'மாற்று மருந்து' என்பது ஒன்றுக்குப் பதிலாகத் தருவதையும் குறிக்கும், வேறொரு மருத்துவமுறையின் மருந்தையும் குறிக்கும், நஞ்சை முறிப்பதையும் குறிக்கும். மூன்றாம் பொருள் ஓபியாய்டு பற்றிய பேச்சில் எளிதாக நுழைந்துவிடுகின்றது. தீங்கான மருந்துக்கு முறிமருந்து கஞ்சா என்னும் எண்ணம், எவரும் சொல்லாமலே வாசகர் மனத்தில் அமைகின்றது. ஓபியாய்டின் அளவு குறைந்ததா என்று அளந்த ஆய்வுகளைப் பேசும்போது 'பதிலீடு' என்றும், ஓபியாய்டோடு சேர்த்துத் தந்தவற்றுக்குத் 'துணைமருந்து' என்றும் வழங்குவது தகும். கலைச்சொல் தொகுப்போர் இதனைச் சிறு திருத்தமாகக் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஓபியாய்டுக்குப் பழகிய உடலில் அதனைத் திடீரென நிறுத்தினால் கடும் விலகல் குறிகளும் தாங்கொணா வலியும் தற்கொலை எண்ணமும் நேரக்கூடும் என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2019 ஏப்ரலில் எச்சரித்தது. 'மாற்று' என்று படித்த நோயாளி, மருத்துவரைக் கேளாமல் முதலில் செய்யக்கூடியதும் அதுவே.