மூன்று தடத்தில் திருச்சுழி வரை

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி சாலையில் ஏறிய முதல் ஐந்து நிமிடமும் வண்டி இடதுபக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. டயரில் காற்று இறங்கியிருக்குமோ என்று நிறுத்திப் பார்த்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது. இழுத்தது சாலை. மழைத் தண்ணீர் வழிந்தோட வேண்டும் என்பதற்காகத் தார்ச்சாலையை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுவார்கள். இரண்டு சக்கர வண்டிக்கு அந்தச் சரிவு தெரியாது, நிமிர்ந்தே போகும். பக்கச் சக்கரம் பூட்டிய வண்டியோ சாலை சாய்கிற அளவு தானும் சாயும். ஓரத்துக் கரிசல் மண்ணை நோக்கியே இறங்கப் பார்க்கும். இடது கையால் ஹேண்டில்பாரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேதான் நேராகப் போக முடிந்தது. பத்துக் கிலோமீட்டரில் தோள்பட்டை கெஞ்ச ஆரம்பித்துவிட்டது.

நான் ஓட்டிப் பார்த்தது 110 சிசி, கியர் இல்லாத ஸ்கூட்டர். மதுரைப் பக்கம் ஒரு பட்டறையில் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் பூட்டி, போன மாதம் வெளியே வந்த வண்டி. எண்ணினால் நான்கு சக்கரம் வரும். ஆனாலும் எங்கள் பக்கம் எல்லோருக்கும் இது ‘மூணு சக்கர வண்டி’தான். அரசுத் தாள்களில் இதன் பெயர் இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர். இரண்டு வயதில் வந்த போலியோவில் என் வலது கால் முழுக்கவும் இடது கால் பாதியும் போயின. பதினோரு வருடமாக இந்த ரக வண்டியைத்தான் ஓட்டுகிறேன். பழையதை மாற்றும் எண்ணம் வந்ததால், பட்டறைக்காரரிடம் கேட்டு இரண்டு நாளைக்கு இதை வாங்கிவந்தேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, நடுவே சில கண்மாய்க்கரைப் பாதைகள் என்று மொத்தம் 140 கிலோமீட்டர் ஓட்டினேன்.

இந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகலாம், கடைக்குப் போகலாம், மனு கொடுக்க விருதுநகர் போகலாம் என்றுதான் சொல்வார்கள். அதெல்லாம் சரிதான். நான் பார்க்க நினைத்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சோலியும் இல்லாமல், மனசு போன திசையில் கிளம்பி ஊர் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப இது லாயக்கா? மற்றவர்கள் புல்லட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்களே, அந்த மாதிரி. எங்களுக்கும் அந்த ஆசை உண்டு. அதை மனுவில் எழுதக் கட்டம் கிடையாது.

நல்லதை முதலில் சொல்கிறேன். தமிழ்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு செம்மறிக் கூட்டம் சாலையைக் கடந்தது. இருநூறு உருப்படி இருக்கும். பிரேக் பிடித்து நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கால் ஊன்ற வேண்டியதில்லை, யாரையும் ‘கொஞ்சம் பிடிச்சுக்கங்க’ என்று கூப்பிட வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். ஆடு போகிற வரை வேடிக்கை பார்த்தேன். நின்ற வண்டியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, நிற்கும்போதெல்லாம் விழுந்துவிடுவோமோ என்று பயந்தவனுக்குத்தான் தெரியும். மரமில்லாத கரிசல் வெளியில் குறுக்கே அடிக்கிற காற்றும் இதை அசைக்கவில்லை.

நின்றால் இவ்வளவு சொகுசு. ஓட்டுவதைப் புதிதாக வருகிறவர்கள் பழக வேண்டியிருக்கிறது. சாதாரண ஸ்கூட்டர் வளைவில் உள்பக்கம் சாய்ந்து திரும்பும். இது சாயாது. கார் மாதிரி ஹேண்டிலைத் திருப்பித்தான் வளைக்க வேண்டும், அப்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். காலில் பலம் உள்ளவர் என்றால் பாதத்தை அழுத்தித் தன்னைப் பிடித்துக்கொள்வார். நாங்கள் எதைப் பிடிப்போம்? ஹேண்டில்பாரைத்தான். வளைவில் வண்டியைத் திருப்புகிற கம்பியிலேயே உடம்பையும் தொங்கவிட்டால் வண்டி எப்படிச் சொன்னபடி கேட்கும்? 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வலது வளைவில் உள்சக்கரம் தரையைவிட்டு ஒரு நொடி எழுந்தது. அதன்பின் வளைவு தெரிந்தாலே 25-க்கு இறங்கிவிட்டேன். இந்த வண்டியில் முதுகுச் சாய்மானம் கொடுத்திருக்கிறார்கள், அது நல்லது. இடுப்புக்கு இரண்டு பக்கமும் சின்னத் தடுப்பு வைத்தால் கை விடுபடும்.

பிரேக்கையும் கவனிக்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம். இதிலும் அது உண்டு. ஆனால் பக்கச் சக்கரங்களில் பிரேக் கிடையாது. அவை உருளத்தான் செய்யும். பின்பக்க எடையை மூன்று சக்கரம் பங்குபோட்டுக்கொள்வதால் பிரேக் உள்ள நடுச்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைகிறது. மணல் படிந்த இடத்தில் நான் நினைத்ததைவிட இரண்டு மூன்று அடி தள்ளித்தான் நின்றது.

இதே காரணம்தான் கண்மாய்க்கரையில் என்னை மாட்டிவிட்டது. திருச்சுழிக்கு வடக்கே ஒரு கரைப்பாதையில் போகும்போது பாதை நடுவே சின்னப் பள்ளம் ஒன்று வந்தது. பக்கச் சக்கரம் இரண்டும் பள்ளத்தின் இரு மேட்டிலும் உட்கார, நடுச்சக்கரம் அந்தரத்தில் நின்றது. முறுக்கினால் என்ஜின் கத்துகிறது, சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. என்ஜின் ஓட்டுவது நடுச்சக்கரத்தை மட்டும்தான். சுற்றிலும் சீமைக் கருவேலம். தூரத்தில் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “இறங்காதீங்கண்ணே, அப்படியே உக்காருங்க” என்று சொல்லி ஒரே தள்ளில் தூக்கிவிட்டார்.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் காட்டினேன். குனிந்து பார்த்தவுடன், “பக்கத்து ஷாக்கை ரொம்ப டைட்டா வச்சிருக்காங்கண்ணே. வெயிட்டு பூரா அதுலதான் நிக்குது” என்றார். இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கையும் கொஞ்சம் தளர்த்தினார். பத்து நிமிட வேலை. அதன்பின் வண்டியே வேறு. நடுச்சக்கரம் தரையைப் பிடித்தது, பிரேக் முன்னைவிடச் சீக்கிரம் பிடித்தது. ஓரத்துக்கு இழுப்பதுகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. இந்த ரக வண்டி வாங்குகிற யாரும் பட்டறையிலிருந்து வெளியே வருவதற்கு முன் தன் எடைக்குத் தக்கபடி அந்த ஸ்பிரிங்கை அமைத்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐம்பது கிலோ ஆளுக்கும் எண்பது கிலோ ஆளுக்கும் ஒரே அமைப்பு சரிவராது.

முள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரச் சாலை ஓரமெல்லாம் கருவேல முள். இருசக்கர வண்டி ஒரே தடத்தில் போகும், முள்ளையும் குழியையும் விலக்கி ஓட்டலாம். இது மூன்று தடம் போடுகிறது. ஒன்றை விலக்கினால் இன்னொன்று ஏறும். வேகத்தடையின் ஓரத்து இடைவெளியில் நுழைகிற சௌகரியமும் இல்லை. நடுச்சக்கரம் டியூப்லெஸ், பக்கச் சக்கரங்கள் டியூப் போட்டவை. நடுச்சக்கரம் பஞ்சரானால் இரும்புச் சட்டத்தை அவிழ்த்துத்தான் வெளியே எடுக்க முடியும் என்று அந்தத் தம்பி சொன்னார்.

எனக்கு மனத்தாங்கல் ரிவர்ஸ் இல்லாததில்தான். மற்றவர்கள் ஸ்கூட்டரைக் காலால் உந்திப் பின்னால் நகர்த்துவார்கள். காலில் பலம் இல்லாதவருக்கென்றே மாற்றிய வண்டியை, காலால் உந்தித்தான் பின்னால் எடுக்க வேண்டும் என்றால் என்ன நியாயம்? திருச்சுழி திருமேனிநாதர் கோயில் வாசலில் முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு கார். நான் வெளியே வர இருபது நிமிடம் ஆயிற்று. ரிவர்ஸ் போட்டுத் தருகிற பட்டறைகளும் உண்டு. அது கூடுதல் வசதி என்று தனிக் காசுக்கு விற்கப்படுகிறது. அதை அடிப்படை என்று வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் ட்ரை கிளைடு, கனடாவின் கேன் ஆம் ஸ்பைடர் என்று நெடும்பயணத்துக்கென்றே செய்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. ஸ்பைடர் 2007-இல் வந்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ட்ரை கிளைடுக்குப் பின்னால் இரண்டு. இரண்டுக்கும் ரிவர்ஸ் உண்டு. என்னை ஏங்கவைத்தது இத்தாலியின் பியாஜியோ 2006-இல் கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டர். முன்னால் உள்ள இரண்டு சக்கரமும் வளைவில் சேர்ந்து சாயும். நிறுத்தும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் சாய்வு பூட்டிக்கொள்ளும், கால் ஊன்றாமலே நிற்கும். ஓடும்போது இருசக்கர வண்டி, நிற்கும்போது மூன்று சக்கர வண்டி. எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியது அதுதான், செய்யத் தெரிந்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். இங்கே சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் சக்கரமாக நியோபோல்ட் செய்திருக்கிறது. நல்ல யோசனை, ஊருக்குள் சுற்ற அருமை. ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீட்டர் என்பது எங்கள் தூரத்துக்குப் பற்றாது.

சில கணக்குகள். டேங்கை நிரப்பி ஓட்டிப் பார்த்ததில் லிட்டருக்கு 37 கிலோமீட்டர் கொடுத்தது. பக்கச் சக்கரங்களின் வெளி அகலம் 96 சென்டிமீட்டர். எங்கள் வீட்டு ஒற்றைக் கேட் மூன்றடி, நுழையவில்லை. வாங்குவதற்கு முன் வாசலை அளந்துவிடுங்கள். மாற்றம் செய்த வண்டியை ஆர்டிஓவிடம் காட்டி ஆர்சியில் பதிய வேண்டும். 2020 அக்டோபரில் செய்த திருத்தத்துக்குப் பின் பதிவுப் படிவத்தில் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிக்கத் தனி இடம் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள், சலுகை கேட்கும்போது உதவும்.

இரண்டாம் நாள் மாலை திரும்பவும் திருச்சுழி போனேன். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-இல் பிறந்த வீடு சுந்தர மந்திரம். வாசல்வரை வண்டியில் போய், சட்டத்தில் மாட்டியிருந்த ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முப்பது வருடத்துக்கு முன்னால் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த இடம் இது. பிரளய வெள்ளத்தை சிவன் சுழித்துப் பூமிக்குள் இறக்கியதாகத் தலபுராணம் சொல்லும் ஊரில், குண்டாறு வெறும் மணலாகக் கிடந்தது. ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி, இறங்காமலே உட்கார்ந்து, வெயில் சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும். நான் நரிக்குடிப் பக்கம் இன்னொரு ஐந்து கிலோமீட்டர் போய்விட்டுத்தான் திரும்பினேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பட்டறைக்காரர், “என்ன சார், புக் பண்ணிரவா?” என்றார். ரிவர்ஸ் போட்டு, பக்கச் சக்கர அகலத்தை எட்டு சென்டிமீட்டர் குறைத்து, என்னை மேலே உட்காரவைத்து ஸ்பிரிங்கை அமைத்துத் தந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அகலம் குறைத்தால் வளைவில் கவிழும் அபாயம் கூடும் என்று அவர் தயங்கினார். அவர் சொல்வதும் சரிதான். அப்படியானால் கேட்டை இடித்து அகலப்படுத்துகிறேன், மற்ற இரண்டையும் செய்யுங்கள் என்றேன்.