தேர்ந்த பெயரும் மொழிபெயர்ப்பும்: திருநங்கையர் தன்வரலாறுகளை முன்வைத்து

திருநங்கையர் தாமே தேர்ந்துகொள்ளும் பெண்பெயர் பெரும்பாலும் சமூகவியற் செய்தியாகவே நோக்கப்படுகிறது. அப்பெயருக்கும் மொழியமைப்புக்கும் உள்ள உறவும், நூல் பிறமொழிக்குச் செல்லுங்கால் அவ்வுறவு அடையும் மாற்றமும் தனியே ஆராயத்தக்கவை.

பெயர் அமையும் முறை

இப்பெயர்களில் மூன்று முறைகளைக் காணலாம். முதலாவது, பழைய பெயரைப் பிரித்தல். லக்ஷ்மி நாராயண் திரிபாடியின் பெயர் இதற்குச் சான்று. 'லக்ஷ்மிநாராயண்' எனச் சேர்த்துக் கூறின் ஆண்பெயர். பிரித்தால் முன்மொழி பெண்பெயராகத் தனித்து நிற்கிறது. மராத்தி வழக்கில் இரண்டாமிடம் தந்தை பெயருக்கு உரியதாதலின் 'நாராயண்' அங்கு உறுத்துவதில்லை. ஓரெழுத்தும் மாறாமலே பால் மாறிவிடுகிறது.

இரண்டாவது, அடியை நிறுத்தி ஈற்றை மாற்றுதல். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கன்னட நாட்டுப்புறக் கலைஞர் மஞ்சம்மா ஜோகதியின் பெயரில், 'மஞ்சுநாத' என்பதன் 'நாத' நீங்கி 'அம்மா' சேர்ந்தது. குடும்பப் பெயரின் இடத்தை எல்லம்மா வழிபாட்டு மரபைச் சுட்டும் 'ஜோகதி' பெற்றது.

மூன்றாவது, பழைய பெயரோடு ஒலித்தொடர்பற்ற புதுப்பெயர். 2015இல் கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்ற மானபி பந்தோபாத்யாயின் பெயர் இவ்வகையினது. 'மானபி' என்பது மனிதன் எனும் பொருளுடைய 'மானப்' என்பதன் பெண்பால் வடிவம். மனிதர் என்பதையும் பெண் என்பதையும் ஒரே சொல் நிறுவுகிறது. வங்கமொழியில் படர்க்கைப் பெயரும் வினைமுற்றும் பால் காட்டா; ஆகவே அங்குப் பெயரின் ஈறு சுமக்கும் பொறுப்பு பெரிது.

தன்மையிடமும் பாலும்

தமிழில் படர்க்கை வினை பால் காட்டும். தன்மை வினை காட்டாது. 'நான் போனேன்' என்பது இருபாலார்க்கும் பொது. மராத்தியிலோ ஆண் 'மீ ஜாதோ' என்றும் பெண் 'மீ ஜாதே' என்றும் கூறுதல் வேண்டும். இந்தியிலும் பல வினைவடிவங்கள் தன்மையிடத்தில் பால் காட்டும். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' போன்ற தமிழ்த் தன்வரலாற்றில் இளமை நிகழ்ச்சிகளைக் கூறும் 'நான்' இலக்கணத்தளவில் பால் வெளிப்படாமலே இயங்கமுடிகிறது. பாலைத் தெரிவிப்பவை பெயரும் பிறர் விளிக்கும் சொற்களுமே.

இத்தகைய நூலை இந்திக்குக் கொண்டுசெல்பவர் முதல் வினையிலேயே முடிவெடுத்தாக வேண்டும். பெயர் மாறும்வரை ஆண்பால், பின்னர்ப் பெண்பால் என வகுப்பது எளிது. ஆயினும் ஆசிரியர் மறுக்கும் ஒன்றை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்வதாக அது முடியும். கதை கூறுபவர் அப்பெயரைத் தேர்ந்து, அப்பெயரில் எழுதுபவர். எனவே அவர் கூற்று முழுதும் பெண்பாலிலும், சுற்றத்தார் அவரை அழைக்கும் உரையாடல் அவர்கள் கொண்ட பாலிலும் அமைவதே பொருந்தும். மராத்தியிலிருந்து தமிழாக்குபவர்க்குச் சிக்கல் தலைகீழானது. 'ஜாதே' தரும் பெண்மை 'போகிறேன்' என்பதில் மறைகிறது. 'டா', 'டி', 'அண்ணன்', 'அக்கா' முதலிய விளிகளைக் கொண்டே அதனை ஈடுசெய்தல் இயலும்.

தலைப்புகள்

'நான் வித்யா' வினையற்ற பெயர்ப்பயனிலைத் தொடர். ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் அன்றாட வாக்கியம். இந்நூலை அடியொற்றிப் பி.எஸ். லிங்கதேவரு இயக்கிய கன்னடப் படத்தின் தலைப்பு 'நானு அவனல்ல... அவளு'. பெயரின் இடத்தில் சுட்டுப்பெயர் வருகிறது, அறிமுகம் மறுப்புரையாகிறது. திரிபாடியின் நூல் 2015இல் ஆங்கிலத்தில் 'மீ ஹிஜ்ரா, மீ லக்ஷ்மி' என வெளிவந்தது. மராத்தி 'மீ' எழுவாய். ஆங்கில எழுத்தில் அதுவே செயப்படுபொருள் வடிவமாகப் படிக்கப்படுகிறது. ஒலி காக்கப்பட்டது, நிமிர்ந்து நின்ற 'நான்' சற்றுக் குனிந்துவிட்டது.

கலைச்சொல் குறித்து

தமிழ் நோக்கு நூல்களில் 'இயற்பெயர்' என்பது 'புனைபெயர்' என்பதன் எதிர்ச்சொல்லாக வழங்குகிறது. திருநங்கையரின் முன்னைப் பெயரை இயற்பெயர் என்றால், தேர்ந்த பெயர் புனைந்துகொண்டதாகிவிடும். 2019ஆம் ஆண்டு இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அடையாளச் சான்று பெற்றோர் பிறப்புச் சான்றிலும் பிற ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை அளித்தது. ஆவணமே ஏற்கும் பெயரைப் புனைவென்பது பொருந்தாது. 'முன்னைப் பெயர்' என்பதே நடுநிலையான சொல். அதனையும் ஆசிரியரே வெளியிட்டு, விளக்கத்துக்கும் இன்றியமையாதாயின் மட்டும் குறித்தல் தகும். மொழிபெயர்ப்பில் பெயர் மாற்றமின்றிச் செல்லும் சொல்லெனக் கருதப்படுகிறது. இந்நூல்களிலோ மிகுந்த கவனம் வேண்டும் சொல் அதுவே.